சாமியார் இழுத்து வந்த லாரி அச்சு

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது பெரியப்பாவுக்கு டிராக்டர் போயிற்று. அதன் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் எங்களுக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய ஒற்றை வண்டியைச் சரிபாதியாகப் பிரித்தால் வேறு எப்படி வரும் என்று நியாயம் பேச வந்தவர்கள் கேட்டார்கள். இழுக்கிறது அவருக்கு, இழுபடுகிறது எங்களுக்கு. அன்றைக்கு என் அப்பா அந்த இடத்தில் இல்லை. அதற்கு முன்பே அவர் காவி கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவர் இருந்து பேசியிருந்தால் எங்களுக்கு ஸ்டெப்னி டயர் மட்டும்தான் கிடைத்திருக்கும் என்பது என் மாமாவின் கணிப்பு. மாமா அம்மாவுக்குத் தம்பி. அப்பாவைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே தெருவே சிரிக்கும்.

அப்பா சாமியாரானது பெரிய கதையெல்லாம் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போய்க்கொண்டிருந்தவர், ஒரு பௌர்ணமிக்குப் போனார், விடிந்தும் வரவில்லை. மலையைச் சுற்றப் போனவர்கள் எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள், இவர் மட்டும் வழியில் இறங்கிக்கொண்டார் என்று மாமா சொல்வார். அதற்கு முன்னால் அவர் லாரிப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்தவர். வேலையில் சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தார். கடவுள்மேல் அவருக்கு எப்போது, எதனால் இப்படி ஒரு பிடிப்பு வந்தது என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் சாமியார்களுக்குப் பஞ்சமே கிடையாது. வடக்கேயிருந்து வருவார்கள், ஆந்திராவிலிருந்து வருவார்கள், வெள்ளைக்காரர்கள்கூட வந்து காவி கட்டிக்கொள்வார்கள். அவர்களும் எங்கேயோ ஓர் ஊரில் யாருக்கோ அப்பாவாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. என் அப்பா ஊர்விட்டு ஊர் போய்ச் சாமியாராகக்கூட மெனக்கெடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்திலேயே ஆகிவிட்டார். என் கஷ்டமெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

வேங்கிக்கால் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. பக்கத்திலிருந்த முருங்கை மரத்தடியில் டிரெய்லர் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும். டிராக்டர் இருந்து டிரெய்லர் இல்லாதவர்கள் வந்து வாடகைக்கு மாட்டிக்கொண்டு போவார்கள். செங்கல், மணல், அறுவடை முடிந்தால் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, கல்யாணமென்றால் பெண் வீட்டுச் சீர் எல்லாம் அதில்தான் போகும். பெரியப்பாவே அடிக்கடி வந்து மாட்டிக்கொண்டு போவார்; தம்பி வீட்டு வண்டிக்கு வாடகை தரவேண்டும் என்பது மட்டும் அவருக்குப் பாதி நாள் மறந்துவிடும். அந்த வண்டி ஓடினால்தான் நானும் அம்மாவும் சாப்பிடுவோம். அது எனக்கே தெரியும். அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகள் முடியப்போகிற சமயம்.

வண்டிக்கு இருந்த ஒரே சீக்கு அதன் அச்சு. இரண்டு சக்கரங்களையும் கோத்துக்கொண்டு மேலே இருக்கிற பாரம் முழுவதையும் தாங்குகிற இரும்பு அது. டிரெய்லர் வாங்கின புதிதில் சிக்கனமாக இருக்கட்டும் என்று அப்பா ஒரு பழைய பஸ்ஸின் அச்சிலிருந்து பாதியும் வேறு எதனுடைய அச்சிலிருந்தோ பாதியும் வெட்டியெடுத்து, நடுவில் ஒட்டுப் போட்டுத் தானே வெல்டிங் வைத்திருந்தார். பாரம் ஜாஸ்தியானால் அந்த ஒட்டில் விரிசல் விடும். நடு இறங்கி, சக்கரங்கள் இரண்டும் சாய்ந்து, காலை அகட்டிக்கொண்டு நிற்கிற குழந்தை மாதிரி வண்டி நிற்கும். உள்ளூர்ப் பட்டறைகளில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எந்த இரும்போடு எந்த இரும்பு ஒட்டியிருக்கிறது என்று போட்டவருக்குத்தான் தெரியும், அவரையே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். போட்டவர் மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கூப்பிடப் போக வேண்டியது நான்.

அம்மா எனக்குத் தலை வாரிவிட்டு, சுத்தமான பாவாடையாகப் பார்த்துக் கட்டிவிடுவாள். "போய் அச்சு போச்சுன்னு சொல்லிட்டு வந்துடு. வேற ஒண்ணும் பேசாத" என்பாள். வேறு என்ன பேசுவதென்று எனக்கும் தெரியாது. ஆசிரமத்தைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் அந்த மண்டபம் வரும். வரிசையாகச் சாமியார்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் என் அப்பா. மற்றவர்களைவிட அவருக்குத் தாடி கொஞ்சம் கம்மி. அவர் முன்னால் போய் நின்றதும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் எனக்கு உயிர் போகும். அத்தனை பேர் நடுவில் அப்பா என்று கூப்பிட வெட்கம் பிடுங்கித் தின்னும். சாமி என்று கூப்பிட வாய் வராது. அதனால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் தூணைப் பார்த்து, "அச்சு போச்சாம்" என்பேன். ஒருமுறை தமிழ் தெரியாத வடக்கத்திச் சாமியார் ஒருவர் அதை ஏதோ துதி என்று நினைத்துக் கைகூப்பினார். ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். எந்த நாட்டில் யார் வீட்டு ஆல்பத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேனோ தெரியாது.

மறுநாள் காலையில் அப்பா நடந்தே வந்துவிடுவார். மேல்துண்டை முருங்கை மரத்தில் தொங்கவிட்டு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துகொள்வார். இரண்டு கால்களும் ஒரு காவி ஓரமும் மட்டும் வெளியே தெரியும். அடியிலிருந்து குரல் வரும்: "அம்மா, அந்தப் பெரிய ஸ்பேனரைக் குடுங்க." சாமியாரானவர்கள் எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. கட்டின பெண்டாட்டியை அம்மா என்று கூப்பிடுகிறாரே என்று தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அம்மாவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. அவர் கேட்பதற்கு முன்பே அடுத்தது என்ன வேண்டும் என்று எடுத்துக் கையில் வைத்திருப்பாள்.

அன்றைக்கு வீட்டில் கத்திரிக்காய்க் காரக்குழம்பு மணக்கும், அப்பளம் பொரியும். சாமியாருக்குப் போடுகிற சோறு ஏனோதானோ என்று இருக்கக் கூடாது, பாவம் வந்து சேரும் என்று அம்மா சொல்வாள். வாசலில் வந்து கேட்கிற மற்ற சாமியார்களுக்கு ரசத்தோடு சோறு போடும்போது அந்தப் பாவம் அவளுக்கு நினைவு வந்ததில்லை. அப்பா வீட்டுக்குள் வரமாட்டார். மரத்தடியில் இலை போடவேண்டும். குழம்பு, பொரியல், மோர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, ருசி பார்க்காதவர் மாதிரி சாப்பிடுவார். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை எதிர் வீட்டு அக்கா, "ஊட்டுக்காரரு வந்துட்டுப் போனாரா?" என்று கிண்டலாகக் கேட்டாள். "வந்தாரு" என்று அம்மா நேராகவே பதில் சொன்னாள். கிண்டலைக்கூடப் புரிந்துகொள்ளத் தெரியாத அம்மாவாக இருக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் என் அப்பா பம்பாயில் இருந்தார். வெல்டிங் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். பாதி உண்மை என்பதால் சொல்லும்போது திக்காது. என் பெஞ்சில் உட்காருகிறவள் கேள்வி மேல் கேள்வி கேட்கிற பிறவி. பம்பாயில் கடல் இருக்கிறதா, உங்க அப்பா எப்போது வருவார், வரும்போது என்ன வாங்கிவருவார் என்று நச்சரிப்பாள். தீபாவளிக்கு வருவார் என்பேன், தீபாவளி போனதும் பொங்கலுக்கு என்பேன். பள்ளிக்கூடம் தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. காவி வேட்டி ஒன்று தெருவில் தெரிந்தாலே நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை காவி வேட்டி தெருவில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். என் கழுத்து சுளுக்கிக்கொள்ளாதது ஆச்சரியம்.

இதற்கெல்லாம் மூல காரணம் அந்த அச்சு என்று நான் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன். அது உடையாமல் இருந்தால் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை, அவரும் வரவேண்டியதில்லை. மாமாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தக் கோணல் இரும்பைக் கழட்டிக் கடாசிட்டு நல்ல அச்சா ஒண்ணு போட்டுடலாங்க்கா. நான் பாத்து வாங்கியாறேன்" என்று வரும்போதெல்லாம் சொல்வார். அம்மா பிடி கொடுக்க மாட்டாள். இப்போது முடியாது என்பாள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள், இருக்கிறதே போதும் என்பாள். ஒன்றும் தோன்றாவிட்டால் மாமாவுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுப்பாள். அம்மாவைப் போல் ஒரு கஞ்சம் இருக்க முடியாது என்று நான் மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

கஞ்சத்தோடு பேராசையும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த சூளையில் வண்டியில் செங்கல் ஏற்றும்போது அம்மா சில நாள் போய் நிற்பாள். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். பாரம் ஏற்றுகிறவர்கள் கையை நிறுத்தியதும், இன்னும் ரெண்டு வரிசை வைக்கச் சொன்னாள். "அச்சு தாங்காதும்மா" என்றார் அவர்களில் மூத்தவர். "தாங்கும், ஏத்துங்க" என்றாள். வாடகைக்கு எடுத்தவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். அந்த இரண்டு வரிசைக்கு அவள் தனியாக ஒன்றும் கேட்டு வாங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். அப்படியானால் அது பேராசை ஆகாதே என்று கணக்குப் போடத்தான் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே நான் சுத்தமான பாவாடை கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

அப்பா வந்து ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார். அந்த ஒட்டின் சூடு ஆறுவதற்குள் மறுபடியும் உடைந்தது. மறுபடியும் போய்த் தூணிடம் சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை வண்டிக்கு அடியில் நுழைந்தவர் வெகுநேரம் ஒரு ஸ்பேனரும் கேட்கவில்லை. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வெளியே வந்து கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே, "லோடு ஜாஸ்தி ஏத்தினீங்களா?" என்று கேட்டார். அம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். சாமியாரான பிறகு அவர் அம்மாவின் முகத்தை அப்படி நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்வையைத் தாழ்த்தவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. "நான் பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அச்சை ஒட்டவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அன்றைக்குச் செய்த காரக்குழம்பை நாங்கள் மறுநாள் வரைக்கும் சாப்பிட்டோம்.

வண்டி மரத்தடியிலேயே காலை அகட்டிக்கொண்டு நின்றது. மல்லாட்டை பிடுங்குகிற காலம். வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் அச்சைக் குனிந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். அம்மா கடையில் கடன் சொல்ல ஆரம்பித்தாள். சாமியாரை நம்பி உட்கார்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு நாமும் மண்டபத்துக்குப் போகவேண்டியதுதான் என்று மாமா குதித்தார். அம்மா மட்டும், "வரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் காதால் கேட்டவள்.

அப்பா அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. செங்கம் ரோட்டில் பழைய லாரிகளை உடைத்து விற்கிற கடை ஒன்று இருந்தது. அதன் முதலாளி பக்திமான். வாசலில் எந்தச் சாமியார் வந்து நின்றாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். அப்பா போய் நின்றிருக்கிறார். சோறு வேண்டுமா, வேட்டி வேண்டுமா, கம்பளி வேண்டுமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். அச்சு வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். முதலாளி ஆடிப்போய்விட்டார். இவ்வளவு பெரிய மகான் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு உள்ளர்த்தம் ஏதாவது இருக்கும் என்று நினைத்து, கல்லாவை விட்டு எழுந்துவந்து கைகட்டிக்கொண்டு நின்றாராம். அப்பா நேராகப் பின்பக்கம் போய், குவியலில் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, நல்ல லாரி அச்சாக ஒன்றைக் காட்டியிருக்கிறார். மாமா இந்தக் கதையைப் பின்னாளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லாச் சாமியாரும் அரிசிப் பிச்சை எடுத்தால் எங்க அக்கா புருஷன் இரும்புப் பிச்சை எடுத்தார் என்று முடிப்பார்.

முதலாளி தானமாகக் கொடுத்ததை ஏற்றிவர வண்டி வேண்டுமே, அதற்கு எங்கே போவது. அப்பா அந்த அச்சின் இரண்டு பக்கமும் அங்கேயே கிடந்த பழைய சக்கரத்தை மாட்டினார், நடுவில் கயிற்றைக் கட்டினார், இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். செங்கம் ரோட்டிலிருந்து ஊரை ஊடுருவிக்கொண்டு வேங்கிக்கால் வரைக்கும். வேறு வழியிலும் வந்திருக்கலாம். தேரோடும் வீதி அகலமாக இருக்கும், சக்கரம் இடிக்காமல் வரும் என்று நினைத்திருப்பார்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெருவில் கூச்சல் கேட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். ஒரு காவி வேட்டி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் உடம்பே இல்லாத ஒரு வண்டி, இரண்டு பெரிய சக்கரமும் நடுவில் ஒரு இரும்பும் மட்டும், கடகடவென்று உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் தெருப் பையன்கள் ஒரு கூட்டம், "அரோகரா, அரோகரா" என்று தேர் இழுக்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அவர் சரியாக எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்து நிழலுக்கு வந்து கயிற்றைக் கீழே போட்டார். தோள் கன்றிச் சிவந்திருந்தது. எங்கள் பள்ளி ஆயாவைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது நான்தான். "சாமிக்குத் தண்ணி மொண்டு ஊத்துடி, புண்ணியம்" என்று ஆயா என்னைப் பிடித்துத் தள்ளினாள். பக்கத்திலேயே என் பெஞ்சுக்காரி. நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்து ஏந்தினார். மணிக்கட்டில் வெல்டிங் சுட்ட தழும்பு தெரிந்தது. நான் சிறு குழந்தையாக இருந்தபோது அந்தத் தழும்பைத் தொட்டுக்கொண்டே தூங்குவேனாம், அம்மா சொல்லியிருக்கிறாள். நான் ஊற்றியதில் பாதித் தண்ணீர் அவர் தாடியில் வழிந்தது. இவர் இப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார், அத்தோடு பம்பாய் கடலில் மூழ்கிவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"போதும் பாப்பா" என்றார். தெருவில் போகிற எந்தக் குழந்தையிடமும் சொல்கிற குரலில் சொன்னார்.

என் பெஞ்சுக்காரி சும்மா இருப்பாளா. "எங்க சாமி இத்த இஸ்துகினு போறீங்க?" என்று கேட்டாள். "ஒரு அம்மா வண்டிக்கு" என்றார். "எந்த அம்மா?" என்றாள். அவர் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தெரிஞ்ச அம்மா" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே இழுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இல்லை, தெரிந்திருக்கும் என்று அப்புறம் தோன்றியது. தப்பித்தேன் என்ற நிம்மதி எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் அன்றைக்கு மீதிச் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிறபோது வேலை முடிகிற தறுவாயில் இருந்தது. டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கருங்கல் அண்டை கொடுத்திருந்தார்கள். பழைய அச்சு மரத்தடியில் கிடந்தது. மாமா போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறார் போல. அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை. அப்பா அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தார். பேரிங்குக்கெல்லாம் கிரீஸ் வைத்தார். ஜாக்கியை இறக்கியதும் டிரெய்லர் நிமிர்ந்து நின்றது. நான் பிறந்ததிலிருந்து அந்த வண்டி அவ்வளவு நேராக நின்று பார்த்ததில்லை. அம்மா கற்பூரம் கொளுத்தினாள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, மாமாவும் தெரு ஆட்களும் வண்டியைத் தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மற்றவர்கள் கலைந்து போனதும், கை கழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள். "இது எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

"இது ஒரே இரும்பும்மா. ஒட்டே கிடையாது" என்றார் அப்பா. "நீங்க எவ்ளோ லோடு ஏத்தினாலும் ஒண்ணும் ஆவாது. இனிமே யாரையும் கூப்புட வேண்டி வராது."

"வராதா?"

"வராதும்மா."

சாமான் வாங்குகிறபோது கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வது அம்மாவின் வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிப் போர்த்திக்கொண்டாள். பிறகு அந்தக் கிரீஸ் சிந்திய மண்ணில் விழுந்து அவரைக் கும்பிட்டாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றாள். அவரை அவள் சாமி என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாணமான பெண்கள் காலில் விழுந்தால் சாமியார்கள் என்ன சொல்வார்கள் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தீர்க்க சுமங்கலியாக இரு என்பார்கள். புருஷனோடு நெடுநாள் வாழவேண்டும் என்று அர்த்தம். வாய் அதுவாகவே சொல்லிவிடும். அப்பா கையைத் தூக்கினார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. தூக்கின கை அப்படியே நின்றது. அம்மா எழுந்திருக்காமல் காத்திருந்தாள். கடைசியில், "நல்லா இருங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மரத்திலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அச்சு அவர் சொன்ன மாதிரியே தாங்கியது. என் கல்யாணச் சீர்கூட அந்த வண்டியில்தான் போயிற்று.

எனக்குச் சொந்தமாக ஒரு புருஷன் வந்து, அவர் எப்போது வீடு திரும்புவார் என்று வாசலைப் பார்க்கிற நாட்கள் வந்த பிறகுதான், சூளையில் அம்மா இன்னும் ரெண்டு வரிசை ஏத்துங்க என்று சொன்னது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அப்பாவும் அதைப் புரிந்துகொண்டுதான் கயிற்றைத் தோளில் போட்டிருக்கிறார். ஆனால் இதெல்லாம் பின்னால். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இனிமேல் தூணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதுதான். அம்மா உள்ளே போய் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மாமா வாசலில் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பற்றி எதைச் சொன்னாலும் சிரிக்கிற மாமாவுக்கு இன்றைக்கு நானே புதுசாக ஒன்று சொல்லப்போகிறேன் என்ற உற்சாகத்தில் அவரிடம் ஓடினேன்.

"மாமா, அவரு சாமியாரே இல்ல. அம்மா அவரு கால்ல உழுந்தப்போ, தீர்க்க சுமங்கலியா இருன்னு சொல்லக்கூட அவருக்குத் தெரியல" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, உள்ளே அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.